தாழ்ந்து நின்றால் பலமா, அடி வாங்கும் வழியா? சண்டைப் பயிற்சியில் நிலையும் கார்டும்

கராத்தே வகுப்பில் சேரும் பிள்ளைக்குத் தொடக்க மாதங்களில் திரும்பத் திரும்பச் சொல்லித்தருவது இதுதான்: முன்காலை நீட்டி மடக்கு, பின்காலை விறைப்பாக வை, இடுப்பை இறக்கு, அடிக்காத கையை இடுப்போடு சேர். அதே பிள்ளை குமித்தே என்ற நேருக்கு நேர் மோதும் கராத்தே போட்டி ஒன்றைப் பார்க்கும்போது அங்கே ஒருவர்கூட அப்படி நிற்பதில்லை. முழங்கால் சற்றே வளைந்திருக்கிறது, குதிகால் தரையில் பதியவில்லை, இரண்டு கைகளும் முன்னால் இருக்கின்றன. ஒலிம்பிக் டேக்வாண்டோவில் கைகள் தொடையோரம் தொங்குகின்றன. குத்துச்சண்டையில் கிளவுஸ் கன்னத்தை ஒட்டி நிற்கிறது. சுமோவில் இருவரும் கை தரையில் பட, குந்திய நிலையில் தொடங்குகிறார்கள்.

அப்படியானால் வகுப்பில் கற்றது வீணா? இந்தக் கேள்விக்குச் சிலர் "பாரம்பரியம், கேள்வி கேட்கக் கூடாது" என்று பதில் சொல்கிறார்கள். வேறு சிலர் "அதெல்லாம் மேடைக்கு, சண்டைக்கு உதவாது" என்கிறார்கள். இரண்டும் அவசர பதில்கள். எந்தத் தாக்குதலுக்கு அனுமதி உண்டு, அது எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் ஒரு நிலை நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். தாழ்நிலையைப் பொறுத்தவரை என் கருத்து இது: சண்டையில் அதற்குள் போகத் தெரிய வேண்டும், அங்கேயே தங்கக் கூடாது.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

நிலை என்பது பாதங்கள் எங்கே இருக்கின்றன, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, உடல் எடை எந்தக் காலில் எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்தது. தொடை தரைக்கு இணையாகும் திசையில் இறங்க இறங்க அது தாழ்நிலை. ஷோட்டோகான் கராத்தேயின் ஜென்குட்சு தாச்சியில் முன்கால் மடங்கி, எடையில் பாதிக்கு மேல் அதன்மீது இருக்கும். கொகுட்சு தாச்சியில் எடை பெரும்பாலும் பின்காலில். கிபா தாச்சியும் சீனக் கலைகளின் மா பு நிலையும் குதிரைமேல் உட்கார்ந்தது போல இரண்டு காலையும் அகட்டி உட்காரும் வகை.

கார்டு என்பது அடிக்காத நேரத்தில் கைகள் இருக்கும் இடம். முகத்தை மறைப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. எதிராளியின் தூரத்தை அளப்பதும், அடியைத் திசைதிருப்பி விடுவதும், சில சமயம் வேண்டுமென்றே ஒரு இடத்தைத் திறந்து காட்டி அவரை இழுப்பதும் கார்டின் வேலைதான்.

உடல் கணக்கு: கிடைப்பது என்ன, கொடுப்பது என்ன

தாழ்நிலையில் கிடைப்பது உறுதி. எடைமையம் இறங்குகிறது, பாதங்களுக்கு இடையிலான பரப்பு கூடுகிறது. வைக்கோலை உயர ஏற்றிய லாரி வளைவில் சாய்ந்துவிடுகிறது. அதே எடைக்கு இரும்புத் தகடு ஏற்றிய லாரி சாய்வதில்லை. மனித உடலுக்கும் அதே கணக்குதான். ஒருவரைக் கவிழ்க்க வேண்டுமானால் அவருடைய எடைமையத்தைப் பாத எல்லைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். எல்லை தூரமாகவும் மையம் தாழ்வாகவும் இருந்தால் அதற்கு அதிகம் சாய்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த உறுதிக்குத் திசை உண்டு, வகுப்புகளில் பலரும் இதைச் சொல்வதில்லை. ஜென்குட்சு தாச்சியில் முன்னிருந்து தள்ளினால் அசைக்க முடியாது. அதே ஆளின் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால், இரண்டு பாதங்களையும் இணைக்கும் கோட்டுக்குக் குறுக்கே, எளிதாகத் தடுமாறுவார். கிபா தாச்சியில் பக்கவாட்டுத் தள்ளல் பலிக்காது, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினால் பின்னால் போய்விடுவார். இரண்டு கால் உள்ள எந்த நிலைக்கும் மூன்றாவது கால் இல்லாத ஒரு திசை இருக்கும். ஜூடோக்காரர்கள் தேடுவது அந்தத் திசையைத்தான்.

கொடுக்க வேண்டிய விலை இவை:

1. நகரும் நேரம். ஒரு காலைத் தூக்க வேண்டுமானால் எடையை முதலில் மற்றக் காலுக்கு மாற்ற வேண்டும். கால்கள் நெருங்கியிருந்தால் உடல் சற்று அசைந்தாலே போதும். நீண்டு அகன்ற நிலையில் உடலே கணிசமான தூரம் பயணம் செய்தாக வேண்டும். கண்ணில் பட்ட ஒன்றுக்கு மனிதன் அசையத் தொடங்கவே சுமார் 0.2 நொடி ஆகிறது. அதன்மேல் எடை மாற்றும் நேரமும் சேர்ந்தால், நெருக்கத்திலிருந்து வரும் குத்துக்குப் பதில் சொல்ல நேரமே இருக்காது.

2. தசைச் செலவு. முழங்கால் மடங்க மடங்கத் தொடையின் முன்தசை அதிக பாரத்தைச் சுமக்கிறது. அசையாமல் இறுகியிருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டமும் குறையும். கிபா தாச்சியில் ஆழமாக உட்காரச் சொன்னால், பழகாதவரின் தொடை சீக்கிரமே நடுங்கத் தொடங்கும். பிறகு தோள் ஏறும், மூச்சு மேல்நெஞ்சுக்குப் போகும், இடுப்பு அவருக்கே தெரியாமல் மேலே வந்துவிடும். இதைப் போட்டி நேரத்தில் செலவு செய்வது வீண்.

3. துள்ளல் இழப்பு. தசைநார்கள் சட்டென்று இழுபட்டு உடனே சுருங்கும்போது கூடுதல் வேகம் தருகின்றன. குதிக்கும்போது ஒரு கணம் தாழ்ந்து உடனே எழுந்தால், தாழ்ந்த நிலையிலேயே காத்திருந்து குதிப்பதைவிட உயரம் கிடைக்கும். அடியெடுத்துப் பாய்வதும் அப்படித்தான். உட்கார்ந்தே காத்திருப்பவர் அந்த இலவச உதவியை இழக்கிறார்.

4. தலையின் உயரம். இடுப்பு இறங்கினால் தலையும் இறங்கும். நிமிர்ந்து நிற்பவரின் தலையை உதைக்க நல்ல இடுப்பு வளைவு வேண்டும். தாழ்ந்தவரின் தலையைச் சாதாரண உதை தொட்டுவிடும். முழங்கால் அடிக்கு அனுமதியுள்ள ஆட்டங்களில் ஆபத்து இன்னும் நெருக்கம்.

5. முன்கால். எடை முழுக்க ஏறிய, நீண்டு கிடக்கும் முன்காலைச் சட்டென்று தூக்க முடியாது. தொடையில் விழும் உதை முழுசாக உள்ளே இறங்கும்.

கராத்தே ஏன் இவ்வளவு தாழ்ந்தது

ஒக்கினாவாவில் இருந்த பழைய பயிற்சிகள் இவ்வளவு ஆழமானவை அல்ல. கோஜு ரியு என்ற ஒக்கினாவா கராத்தே பள்ளியின் சன்சின் நிலை குட்டையானது. பாதங்கள் சற்றே உள்நோக்கித் திரும்பி, உடல் நிமிர்ந்து, எதிராளியோடு கை தொடும் தூரத்தில் நிற்பதற்கானது. 1922இல் ஷோட்டோகானின் மூலவரான கிச்சின் ஃபுனாகோஷி டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டினார். அதன் பிறகுதான் அது ஜப்பானின் பெருநிலப் பகுதியில் பரவியது. நிலைகளை நீட்டி ஆழப்படுத்தியதில் அவருடைய மகன் கிகோ ஃபுனாகோஷிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது ஷோட்டோகான் வரலாற்றில் பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அவர் 1945இல் காலமானார். தந்தையின் பழைய புகைப்படங்களில் உள்ள நிலையையும், பின்னாளைய ஷோட்டோகான் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும்.

இந்த மாற்றத்தைச் சீரழிவு என்று ஒதுக்குவது சரியில்லை. ஆழமான நிலை தூரத்திலிருந்து பாயும் சண்டைக்குப் பொருந்தியது. கூட்டமாக நின்று பயிற்சி செய்யும் மாணவர்களுக்கு அது கால் பலமும் தந்தது. தசையை ஒரு கோணத்தில் இறுக்கிப் பழக்கினால் பலம் பெரும்பாலும் அந்தக் கோணத்தை ஒட்டியே வளரும் என்பதால், ஒரே நிலையில் அசையாமல் நின்று செய்யும் பயிற்சி மட்டும் போதாது. ஆனாலும் இடுப்பை எங்கே வைப்பது, முழங்காலை எந்தத் திசையில் விடுவது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை உடலுக்கு உணர்த்த தாழ்நிலை அருமையான கருவி. தவறு செய்தால் தொடை உடனே சொல்லிவிடும்.

ஃபுனாகோஷி எழுதிவைத்த இருபது நெறிகளில் பதினேழாவது இதை நேரடியாகவே தொடுகிறது: கட்டிய நிலை தொடக்கநிலையாளருக்கு, பிற்பாடு இயல்பாக நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். தாழ்நிலையின் கோட்டை என்று அறியப்பட்ட பள்ளியின் மூலவரே சொன்னது இது. வகுப்பறைச் சுவரில் நெறிகளை மாட்டிவைத்திருப்பவர்களும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இடுப்பில் ஒட்டிய கைக்கும் ஒரு காரணம் உண்டு. ஹிகிதே எனப்படும் அந்த இழுப்பை, எதிராளியின் கையையோ உடுப்பையோ பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே அடிப்பதாகப் புரிந்துகொண்டால் அர்த்தம் இருக்கிறது. பிடிக்கு எதுவுமே இல்லாத ஸ்பாரிங்கில், அதாவது இருவர் மோதிப் பழகும் பயிற்சியில், வெறும் கையை இடுப்பில் நிறுத்தி வைத்தால், முகத்தின் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும்.

விதி மாறினால் நிலை மாறும்

சுமோவில் வட்டத்துக்கு வெளியே தள்ளினாலோ பாதம் தவிர வேறு உறுப்பைத் தரையில் பட வைத்தாலோ வெற்றி. மூடிய கையால் குத்த முடியாது. அங்கே தாழ்வாக நுழைபவருக்கே சாதகம். தாழ்நிலைக்கு உலகத்திலேயே சிறந்த வீடு அதுதான்.

ஜூடோவிலும் பிடித்துத் தூக்கி எறிவதுதான் வேலை. அப்படியிருந்தும் 1882இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோவின் வழி, இயல்பாக நிமிர்ந்த நிலையையே அடிப்படையாக வைத்தது. இடுப்பை இறக்கிக் காலை அகட்டும் ஜிகோதாய் தற்காப்புக்கான தற்காலிக நிலை. போட்டியில் ஒருவர் அதிலேயே வளைந்து ஒளிந்துகொண்டிருந்தால் நடுவர் தண்டனை கொடுப்பார். தாழ்ந்தே கிடப்பவரைக் கவிழ்ப்பது கடினம், ஆனால் அவராலும் எதுவும் செய்ய முடியாது என்பதைக் கலையே ஒப்புக்கொள்கிறது.

டேக்வாண்டோவில் முகத்தில் குத்துவது தடை. குத்து உடற்கவசத்தின்மேல்தான் விழலாம், அதற்கு ஒரு புள்ளி. உடலில் உதைத்தால் இரண்டு, தலையில் உதைத்தால் மூன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து உடற்கவசத்தில் மின்னணு உணரிகள் வந்தன. கை முகத்துக்கு வராத ஆட்டத்தில் கையை முகத்தருகே வைத்துச் சோர்வதில் பயன் குறைவு. கையைத் தாழ்த்தினால் உடலை உதையிலிருந்து மறைக்கலாம், வெட்டித் திரும்புவதும் எளிது. அதைப் பார்த்துக் கையைத் தொங்கவிடப் பழகிய ஒருவர் குத்துச்சண்டை வளையத்துக்குள் போனால் முதல் சுற்றிலேயே அடி வாங்குவார்.

மாஸ் ஒயாமா உருவாக்கிய கியோகுஷின் கராத்தே இதற்கு இன்னொரு சான்று. கையுறை இல்லாமல் முழு பலத்தோடு அடிக்கலாம், ஆனால் கையால் முகத்தில் அடிக்கக் கூடாது. அதனால் இருவரும் நெஞ்சுக்கு நெஞ்சு நெருங்கி நிமிர்ந்து நின்று, உடலில் குத்தி, தொடையில் உதைக்கிறார்கள். தாய்லாந்தின் குத்துச்சண்டையான முய் தாயில் தொடை உதையைத் தடுக்க முன்காலைத் தூக்கித் கணைக்கால் எலும்பால் வாங்க வேண்டும். அதற்காகவே நிலை உயரமாகவும் முன்கால் இலேசாகவும் இருக்கிறது.

உலக கராத்தே கூட்டமைப்பின் குமித்தேயில் தலையிலோ உடலிலோ விழும் குத்துக்கு ஒன்று, உடல் உதைக்கு இரண்டு, தலை உதைக்கும் கீழே வீழ்த்தி அடிப்பதற்கும் மூன்று. அடி கட்டுப்பாட்டோடு விழ வேண்டும். 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டியில் சவூதியின் தாரெக் ஹமெதி 4-1 என முன்னிலையில் இருந்தார். தலையில் விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே மயங்கி விழ, ஹமெதி தகுதியிழந்தார், தங்கம் விழுந்தவருக்குப் போனது. இப்படிப்பட்ட விதிகளின் கீழ் முதலில் தொடுபவருக்கே பயன் என்பதால், வேகமாக உள்ளே போய் வெளியே வரும் துள்ளல் நிலைதான் பிழைக்கிறது.

ஆயுதம் வந்துவிட்டால் கணக்கு மறுபடி மாறும். வாள்வீச்சில் பாய்ந்து நீளும் அந்த நிலை மிகத் தாழ்வானது, ஏனென்றால் தூரம் வேண்டும், உடனே திரும்பவும் வேண்டும். கேரளத்தின் வடக்கன் களரியில் சிங்க வடிவு, வராக வடிவு என்று தரையோடு பதியும் வடிவுகள் உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்து அடிமுறை ஒப்பீட்டளவில் நிமிர்ந்து, கைவேலையை நம்புகிறது. சிலம்பத்தில் கம்பின் நீளமே தூரத்தைக் காத்துக்கொடுப்பதால், காலடியை அகட்டித் தாழ்ந்து சுழல்வதற்கு இடம் கிடைக்கிறது. கம்பைப் பிடுங்கிவிட்டு அதே அகலத்தில் நின்று பார்த்தால், உதைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பது புரியும்.

கையைத் தாழ்த்துபவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்

குத்துச்சண்டை வீரர் முகமது அலி கையை இடுப்பருகே தொங்கவிட்டு ஆடியதைப் பார்த்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதைப் பின்பற்றினார்கள். அவருடைய கார்டு கையில் இல்லை, காலில் இருந்தது. குத்து வரும் தூரத்துக்கு ஒரு அடி வெளியே நின்று, தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் வேகம் அவருக்கு இருந்தது. மூன்றரை ஆண்டு வளையத்துக்கு வெளியே இருந்துவிட்டு வந்த பிறகு அந்தக் கால் முன்போல இல்லை. 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், 15ஆவது சுற்றில், ஜோ ஃபிரேசியரின் இடது ஹுக், அதாவது பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்து, அவருடைய தாடையில் விழுந்தது. அலி மல்லாந்தார், எழுந்தார், ஆனால் போட்டியைத் தோற்றார்.

லியோட்டோ மச்சிடா ஷோட்டோகானில் வளர்ந்தவர். அகன்ற நிலை, தாழ்ந்த கை, நீண்ட தூரம் என்று வகுப்புப் பாடத்தை அப்படியே கொண்டுபோய் 2009 மே மாதம் யூஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டி அமைப்பின் இலகு கனரகப் பிரிவுப் பட்டத்தை வென்றார். ஸ்பாரிங்கில் தாழ்நிலை செல்லாது என்று சொல்பவர்களுக்கு அவர்தான் பதில். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் ஷோகுன் ஹுவா அவருடைய காலை விடாமல் உதைத்தார். தீர்ப்பு மச்சிடாவுக்குப் போனாலும் பலர் ஏற்கவில்லை. 2010 மே மாத மறுபோட்டியில் முதல் சுற்றிலேயே ஹுவா அவரை வீழ்த்தினார். அகன்ற நிலையின் பலமும் பலவீனமும் ஒரே ஆளின் வாழ்க்கையில் ஒரே ஆண்டுக்குள் வெளிப்பட்டன.

கிளவுஸும் கார்டைத் தீர்மானிக்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையின் 8 அல்லது 10 அவுன்ஸ் கிளவுஸுக்குப் பின்னால் முகத்தை ஒளிக்கலாம். கலப்புச் சண்டையின் 4 அவுன்ஸ் கிளவுஸில் இடைவெளி அதிகம். கன்னத்தில் கையை ஒட்டிவைத்து வாங்கினால் குத்து நடுவே புகுந்துவிடும், ஆகவே கையைச் சற்று முன்னால் நீட்டி வழியிலேயே சந்திக்க வேண்டும்.

எப்போது தாழ வேண்டும்

ஒரு நல்ல குமித்தே வீரரின் கியாகு சுகியை, அதாவது பின்னால் இருக்கும் கையால் விடும் குத்தை, வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். முதலில் உயரமான நிலை, குதிகால் மேலே. எதிராளி முகத்துக்கு முன்கையை நீட்டத் தொடங்குகிறார். உடனே வீரரின் பின்பாதம் தரையைத் தள்ளுகிறது, முன்பாதம் மெத்தையை உரசியபடி முன்னே வழுக்குகிறது, இடுப்பு இறங்குகிறது. நீண்ட அந்தக் கை அவர் தலைக்கு மேலே போகிறது. முன்முழங்கால் பாதத்துக்கு நேர் மேலே மடங்கி, பின்கால் நீண்டு, பின்னால் இருந்த கை எதிராளியின் விலாவைத் தொடுகிறது. அந்த ஒரு படம் வகுப்பில் கற்ற ஜென்குட்சு தாச்சியேதான். அடுத்த கணம் முன்பாதம் தள்ளி அவரைப் பின்னுக்கு எடுத்துவிடுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள்.

இதிலிருந்து ஸ்பாரிங்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. முகத்துக்கு வரும் கைக்குக் கீழே நுழையும்போது தாழலாம். முழங்காலால் இறங்க வேண்டும், இடுப்பை முறித்துக் குனியக் கூடாது. குனிந்தால் கண் தரையைப் பார்க்கும், பிடரி திறந்துவிடும்.

2. உடலைப் பிடித்துவிட்டால், காலைப் பிடிக்க வந்தால், உடனே தாழ வேண்டும். அங்கே உறுதிதான் முதல் தேவை.

3. தாழும்போது அடிக்காத கை தாடைக்குப் போக வேண்டும், தலை, உதை வரும் உயரத்துக்கு இறங்கியிருப்பதால். தாழ்நிலையும் தாழ்ந்த கார்டும் ஒன்றாகச் சேர்வதுதான் மிக மோசமான சேர்க்கை.

4. உதை எட்டும் தூரத்தில் தாழ்ந்து காத்திருக்கக் கூடாது. அதற்கு வெளியே நின்றால் தாழலாம், ஆனால் அங்கே அது தேவையும் இல்லை.

5. தொடை உதைக்கு அனுமதி இருந்தால் நிலையைக் குறுக்கி, முன்காலை எந்த நேரமும் தூக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட விதியை மாற்றிப் புரியவைப்பது எளிது. முதல் சுற்றில் உடலில் மட்டும் குத்து. மாணவர்கள் தாமாகவே தாழ்வார்கள், கையும் இறங்கும். இரண்டாவது சுற்றில் மெதுவான தலை உதையைச் சேர்த்தால் இடுப்பு ஏறும், கை தாடைக்கு வரும். மூன்றாவதில் பிடித்து இழுக்க அனுமதித்தால் மறுபடி எல்லோரும் இறங்குவார்கள். நிலையைப் பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. மூன்றாவது சுற்றை மெத்தை விரித்த தரையில் மட்டும் நடத்த வேண்டும். முழங்கால் எப்போதும் பாதவிரல் காட்டும் திசையிலேயே மடங்க வேண்டும், உள்பக்கம் சரியக் கூடாது. மடங்க மடங்க முழங்கால் சில்லின் அடியில் அழுத்தம் கூடுவதால், அங்கே வலி உள்ளவருக்கு நிலையை உயர்த்திக் கொடுப்பதில் ஆசிரியர் தயங்க வேண்டாம்.